நீலத்தை மட்டும் வாங்கிப்போகிறவர்களுக்கு

தண்டையார்பேட்டையில் மருந்துக்கடை கவுன்டருக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ராத்திரி பத்தரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கும்போது ஓடி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கையில் சீட்டு இருக்காது. “அண்ணே, அந்த நீல பஃப் ஒண்ணு சீக்கிரம் குடுங்க, பையனுக்கு வீசிங்” என்பார்கள். பஃப் என்பது ஆஸ்துமாவுக்கு வாயில் வைத்து அழுத்தி இழுக்கிற இன்ஹேலர், வீசிங் என்பது மூச்சு இழுப்பு.

போன மார்கழியில் அப்படி வந்த அம்மாவை எனக்குப் பழக்கம் உண்டு. பையனுக்கு ஏழு வயது. நல்லவேளையாக டாக்டர் சீட்டை நாலாக மடித்துப் பர்ஸிலேயே வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தால் இரண்டு பஃப் எழுதியிருக்கிறது. ஒன்று நீலம். இன்னொன்றை அவர் என்னிடம் வாங்கி ஐந்து மாதம் ஆகிறது.

“ரெண்டாவது இன்னும் தீரலையாம்மா?”

“அது அப்படியே கீதுண்ணே. இழுப்பே இல்லாதப்ப மருந்த குடுத்துக்கினே இருந்தா உடம்புக்குப் பழகிடாதா?”

நியாயமான கேள்விதான். காய்ச்சல் விட்டால் மாத்திரையை நிறுத்துகிறோம், வயிற்றுப்போக்கு நின்றால் மருந்தை நிறுத்துகிறோம். இதற்கு மட்டும் ஏன் தொடர வேண்டும்? இழுப்பு இல்லாத நாளிலும் ஆஸ்துமா உள்ளே இருக்கிறது என்பதுதான் பதில். அன்றைக்கு ராத்திரி அவசரத்தில் இந்த ஒரு வரியைத்தான் அவரிடம் சொல்ல முடிந்தது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

தண்ணி லாரி ஹோஸ்

மெட்ரோ வாட்டர் லாரியிலிருந்து தொட்டிக்குப் போகிற ஹோஸை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைவாக வருகிறது என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். யாரோ ஹோஸ் மேல் காலை வைத்து நிற்கிறார்கள். அல்லது உள்பக்கம் பாசியும் அழுக்கும் ஏறி வழி சுருங்கிவிட்டது. 

நுரையீரலுக்குள் காற்றைக் கொண்டுபோகிற குழாய்களும் இப்படித்தான். ஆஸ்துமா உள்ள குழந்தைக்குக் குழாயின் உள்சுவர் எப்போதும் கொஞ்சம் வீங்கி, சிவந்து, எதைக் கண்டாலும் சிலிர்த்துக்கொள்கிற நிலையில் இருக்கும். இது பாசி. சளி பிடித்தாலோ புகை பட்டாலோ குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. இது கால் வைத்து மிதிப்பது. கூடவே கெட்டியான கோழையும் சுரந்து மிச்சம் இருக்கிற வழியை அடைக்கிறது. குழாயின் விட்டம் பாதியானால் காற்றுக்கு எதிர்ப்பு இரண்டு மடங்கு ஏறும் என்று நினைப்போம். கணக்குப்படி அது 16 மடங்கு. நேற்று வரை ஓடி ஆடிய பிள்ளை இன்று ராத்திரி உட்கார்ந்தே தூங்குவதற்கு இந்தக் கணக்குதான் காரணம். மூச்சை வெளியே விடும்போது குழாய்கள் இன்னும் சுருங்கும். அதனால்தான் அந்த விசில் சத்தம் பெரும்பாலும் மூச்சு விடும்போது கேட்கிறது.

நீல பஃப்பில் இருப்பது சால்பூட்டமால். அது மிதித்த காலை எடுத்துவிடும். சில நிமிஷத்தில் வேலை செய்து, நாலு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். பாசியை அது தொடுவதே இல்லை. பாசியைக் கழுவுகிற வேலை அந்த இரண்டாவது பஃப்புடையது. பியூடசனைடு, புளூட்டிகசோன் என்று பெயர் எழுதியிருக்கும். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆகவே நிறத்தை நம்பாமல் பெயரைப் படியுங்கள். அடித்ததும் எதுவும் தெரியாது. தினமும் அடித்துவந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் இருமல் குறைந்திருக்கும், முழுப் பலன் தெரியச் சில மாதங்கள்கூட ஆகலாம். “அடிச்சேன், ஒண்ணும் கேக்கல” என்று மூன்றாம் நாளே ஓரம்கட்டிவிடுகிறார்கள். நீலம் உடனே கேட்கிறது, அதனால் அதுதான் நல்ல மருந்து என்று மனசில் பதிந்துவிடுகிறது.

கவுன்டரில் நிற்கிற எனக்கு ஒரு கணக்கு உண்டு. நீலக் குப்பி ஒன்றை 200 தடவை அழுத்தலாம், அதாவது 200 பஃப். ஆஸ்துமா அடங்கியிருக்கிற பிள்ளைக்கு அது மாதக்கணக்கில் வரும். வருஷத்துக்கு 3 அல்லது அதற்கு மேல் தீர்ந்தால் பெரிய தாக்குதல் வரும் ஆபத்து கூடுகிறது. மாதம் ஒன்று தீர்கிறது என்றால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. இது உலக அளவில் ஆஸ்துமா வழிகாட்டுதல் எழுதுகிற ஜினா அமைப்பு சொல்வது. அந்த அமைப்பு 2019-இல் இன்னொன்றும் சொன்னது: 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நீலத்தை மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள். இப்போது பெரிய பிள்ளைகளுக்குப் பியூடசனைடும் பார்மோடெராலும் சேர்ந்த ஒரே பஃப்பை, தினசரிக்கும் அவசரத்துக்கும் சேர்த்தே எழுதிக் கொடுக்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள். பார்மோடெரால் வேகமாகக் காலை எடுக்கும், கூட இருப்பது பாசியைக் கழுவும். உங்கள் பிள்ளைக்கு எந்த முறை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டையும் கலந்து குழப்பிக்கொள்ளக் கூடாது.

“ஸ்டீராய்டு ஆச்சேண்ணே!”

ஆமாம், அந்த இரண்டாவது பஃப் ஸ்டீராய்டுதான். அளவைப் பாருங்கள். ஒரு தடவை அழுத்தினால் பொதுவாக 100, 200 மைக்ரோகிராம் அளவில்தான் வரும். பெரிய இழுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் கொடுக்கிற பிரெட்னிசோலோன் மாத்திரை 20 மில்லிகிராம் என்றால் அது 20,000 மைக்ரோகிராம். பஃப் நேராக நுரையீரலுக்குப் போகிறது, மாத்திரை உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. பஃப்புக்குப் பயந்து மாத்திரையில் போய் விழுகிறோம்.

சிரப்பும் அதே கதைதான். “பஃப் வேணாம், லேசா சிரப் குடுங்க” என்பார்கள். சால்பூட்டமால் சிரப் 5 மில்லியில் 2 மில்லிகிராம், அதாவது 2,000 மைக்ரோகிராம். நீல பஃப் ஒன்று 100. எது லேசு? சிரப் குடித்த பிள்ளைக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், தூங்காது. நிவாரணமோ பஃப்பைவிடத் தாமதமாகத்தான் வரும்.

உயரம் குறையுமா என்று கேட்கிறவர்களுக்கு மழுப்பாமல் சொல்ல வேண்டும். பல வருஷம் தினசரி எடுத்த பிள்ளைகள் வளர்ந்தபின் சராசரியாகச் சுமார் 1 சென்டிமீட்டர் குறைவாக இருந்தார்கள் என்று ஆய்வு உண்டு. அடங்காத ஆஸ்துமாவும் வளர்ச்சியைப் பிடித்து வைக்கும், தூக்கத்தையும் பள்ளி நாளையும் தின்னும். என்னைக் கேட்டால் அந்த 1 சென்டிமீட்டரை விட்டுக்கொடுப்பேன். அடித்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் நாக்கில் வெள்ளை படியும், குரல் கரகரக்கும். பல் தேய்ப்பதற்கு முன் அடித்தால் இந்த வேலை தானாக முடிந்துவிடும்.

இங்கே எங்கள் தரப்புத் தப்பையும் சொல்லியாக வேண்டும். “சளிக்கு ஒரு செட் குடுண்ணே” என்றால் நாலு மாத்திரையைக் கிழித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிற பழக்கம் மருந்துக்கடைகளில் இருக்கிறது. அதில் ஸ்டீராய்டு மாத்திரையும் ஒளிந்திருக்கும். அதனால்தான் அந்த செட் ‘நல்லா கேட்கும்’. என் அக்கா மகனுக்கே சின்ன வயதில் நானே அப்படி இரண்டு மூன்று தடவை கொடுத்திருக்கிறேன். பெரியவன் ஆனபிறகு முறையான டாக்டரிடம் காட்டியபோதுதான் அது ஆஸ்துமா என்று தெரிந்தது. அதுவரை ஒவ்வொரு இருமலையும் தனித்தனி இருமலாகவே பார்த்துக்கொண்டிருந்தோம். சளி என்றாலே வாங்கிப்போகிற மான்டிலுகாஸ்ட் சேர்ந்த சிரப்பும் அப்படித்தான். கெட்ட கனவு, எரிச்சல், மனநிலை மாற்றம் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் அதற்குக் கடுமையான எச்சரிக்கை போட்டது. டாக்டர் எழுதாமல் அதைக் கேட்டு வாங்காதீர்கள்.

ஆஸ்துமா என்று எப்படித் தெரியும்

விடியற்காலை மூன்று நாலு மணிக்கு வருகிற வறட்டு இருமல். ஓடினால் இருமல், விழுந்து விழுந்து சிரித்தால் இருமல், அழுதால் இருமல். ஒவ்வொரு சளியும் நெஞ்சுக்கு இறங்கி மூன்று வாரம் இழுக்கிறது. காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், முழங்கை மடிப்பில் அரிப்பு, வீட்டில் இன்னொருவருக்கும் இளைப்பு. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் காட்ட வேண்டும். விசில் சத்தம் எல்லாருக்கும் கேட்காது, வெறும் இருமலாகவே இருக்கிற ஆஸ்துமாவும் உண்டு.

ஐந்து வயதுக்குள் உறுதியாகச் சொல்வது டாக்டருக்கே கஷ்டம். ஊதிப் பார்க்கிற ஸ்பைரோமெட்ரி பரிசோதனை அந்த வயதுக்குப் பிறகுதான் ஒழுங்காக வரும். சளி வைரஸால் மட்டும் வீசிங் வருகிற குட்டிப் பிள்ளைகள் நிறையப் பேருக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதில் நின்றுவிடும். ‘வயசானா தானா போயிடும்’ என்று பாட்டிகள் சொல்வதற்கு இதுதான் ஆதாரம். போகாதவர்களும் இருக்கிறார்கள் என்பதைப் பாட்டிகள் சொல்வதில்லை. நம் ஊரில் இன்னொரு வேடிக்கை ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’. பல மாத இருமல் என்றதும் அந்தப் பெயரைச் சொல்லிக் காசநோய் மருந்து ஆறு மாதம் தின்ற பிள்ளைகள் எங்கள் தலைமுறையில் தெருவுக்கு நாலு பேர். அதில் எத்தனை பேருக்கு ஆஸ்துமா இருந்ததோ.

நம்ம காற்று

வட சென்னையில் இருந்துகொண்டு காற்றைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் ரசாயனத் தொழிற்சாலைகளும், எண்ணூர்ப் பக்கம் நிலக்கரி மின்நிலையங்களும், துறைமுகத்துக்கு ராப்பகலாக வரிசை கட்டுகிற கன்டெய்னர் லாரிகளும், கொடுங்கையூர்க் குப்பைமேடும் நமக்குப் பக்கத்து வீடுகள். நிலக்கரியும் எண்ணெயும் எரிந்தால் வருகிற கந்தக டை ஆக்சைடு, ஆஸ்துமா உள்ளவரின் குழாயைச் சில நிமிஷத்திலேயே இறுக்கிவிடும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாக வீட்டை விட்டு ஓடியது மறந்திருக்காது. அதே மாதம் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்தபிறகு சுவரில் பூத்த பூஞ்சையும் ஆஸ்துமாவுக்கு ஆகாதுதான்.

இதையெல்லாம் ஒரு அம்மா தனியாக நின்று சரிசெய்ய முடியாது, அதற்குக் கேள்வி கேட்க வேண்டிய இடங்கள் வேறு. காற்றின் தரத்தை மட்டும் போனில் பார்க்கலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் மணலி, கொடுங்கையூர், ராயபுரம் கணக்கு வரும். 200-க்கு மேல் காட்டுகிற நாளில் பிள்ளையை வெளியே ஓடவிடாதீர்கள். போகி விடியற்காலையைச் சொல்லவே வேண்டாம். 2018 போகியன்று புகைமூட்டத்தில் சென்னையில் விமானங்களே தாமதமாயின. பிஞ்சு நுரையீரல் என்ன பாடுபடும்! அன்றைக்கு ஜன்னலைச் சாத்தி வையுங்கள், உங்கள் வாசலிலாவது டயரைக் கொளுத்தாதீர்கள்.

வீட்டுக்குள் இருக்கிற புகை நம் கையில் இருக்கிறது. கொசுவத்திச் சுருள் ஒன்று முழுதாக எரிந்தால் வருகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைத்ததற்குச் சமம் என்று ஒரு ஆய்வு கணக்கிட்டது. பத்துக்குப் பத்து அறையில், கதவைச் சாத்தி, பிள்ளையின் தலைமாட்டில் அதை வைக்கிறோம். கொசுவலை கட்டுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது பிள்ளையை மொட்டை மாடிக்கு அனுப்புங்கள். நைனா வாசலில் நின்று பீடி பிடித்தாலும் புகை சட்டையோடு உள்ளே வரும். கரப்பான்பூச்சியின் எச்சமும் பழைய இலவம்பஞ்சுத் தலையணையில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் பல பிள்ளைகளுக்கு அலர்ஜி. தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி நல்ல வெயிலில் போடலாம்.

வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு என்று ஒவ்வொன்றாக நிறுத்தாதீர்கள். குறிப்பிட்ட ஒன்றைத் தின்றால் வருகிறது என்று திரும்பத் திரும்பப் பார்த்திருந்தால் மட்டும் நிறுத்துங்கள். ஹைதராபாத்தில் ஜூன் மாதம் விரால் குஞ்சை உயிரோடு விழுங்கவைக்கிற வைத்தியத்துக்குக் காசிமேட்டிலிருந்தே ஆட்கள் ரயிலேறிப் போய் வந்திருக்கிறார்கள். மீன் குழம்பில் இருந்தாலே நல்லது.

தண்ணீர் பாட்டில் பாடம்

அந்த மார்கழி ராத்திரிக்கு இரண்டு நாள் கழித்து அம்மா பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கடை ஸ்டூலில் உட்காரவைத்து, “நீ எப்படி அடிப்ப, காட்டு” என்றேன். வாயைப் பிளந்தான், குப்பியைக் குலுக்காமல் இரண்டு தடவை சடசடவென்று அழுத்தினான். நாக்கில் பட்டு வாயோரம் வெள்ளைப் புகையாக வெளியே வந்தது. நுரையீரலுக்குப் போனது சொற்பமே. இதற்கு மருந்தைக் குறைசொல்லி என்ன பயன்?

குழந்தைகளுக்கு ஸ்பேசர் கட்டாயம். பஃப்புக்கும் வாய்க்கும் நடுவே இருக்கிற பிளாஸ்டிக் அறை அது. மருந்து அதில் நிற்கும், பிள்ளை தன் வேகத்தில் இழுத்துக்கொள்ளும். நாலு வயதுக்குள் என்றால் முகத்தோடு ஒட்டுகிற மாஸ்க் வைத்தது வாங்க வேண்டும். வாங்கக் காசில்லை என்றால் வழி இருக்கிறது. 500 மில்லி தண்ணீர் பாட்டிலின் அடியில் பஃப்பின் வாய் அளவுக்கு ஓட்டை போட்டு, இடுக்கில்லாமல் டேப் ஒட்டினால் அதுவே ஸ்பேசர். கடையில் வாங்குகிற ஸ்பேசருக்கு இது சளைத்ததல்ல என்று தென் ஆப்பிரிக்க மருத்துவர்கள் 1999-இலேயே ஆராய்ந்து எழுதினார்கள். அன்றைக்குக் கடையில் இருந்த காலி பாட்டிலில் அப்படி ஒன்று செய்தேன்.

குலுக்கு. பாட்டிலின் பின்னால் பஃப்பைச் செருகு. நிமிர்ந்து உட்கார். உதட்டால் பாட்டில் வாயை இறுகக் கவ்வு. ஒரே ஒரு தடவை அழுத்து. இப்போது மெதுவாக ஐந்து மூச்சு. அம்மா விரலை மடித்து எண்ணினார். அரை நிமிஷம் பொறுத்து, மறுபடி குலுக்கி, இரண்டாவது. முதல் தடவை மூக்கால் இழுத்தான், மூன்றாம் தடவையில் பிடித்துக்கொண்டான். ஸ்பேசரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் காயவிட வேண்டும். துடைத்தால் மின்னேற்றம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். குப்பியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மிச்சம் பார்ப்பது நம்பத் தகுந்தது அல்ல. எண் காட்டாத குப்பி என்றால் ஆரம்பித்த தேதியை மார்க்கரால் எழுதுங்கள். தினமும் 4 பஃப் என்றால் 200 பஃப் 50 நாளில் காலி.

அடங்கியிருக்கிறதா என்று அளக்கக் கடந்த நாலு வாரத்தை நினைத்துப் பாருங்கள். பகலில் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் இழுப்போ இருமலோ வந்ததா? நீலம் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டதா? (ஐந்து வயதும் அதற்குக் கீழும் என்றால் இரண்டுக்கும் ஒரு தடவைக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) ராத்திரி இருமி எழுந்தானா? விளையாட்டைப் பாதியில் விட்டானா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் டாக்டரிடம் போக வேண்டும். அடங்கியிருந்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சில மாதம் அமைதியாக இருந்தால் அவரே படிப்படியாகக் குறைப்பார்.

பெரிய பிள்ளைகள்

பதின்மூன்று பதினான்கு வயதில் வேறு சிக்கல். வியாசர்பாடியில் கால்பந்து ஆடுகிற பையன் கூட்டாளிகள் முன்னால் பஃப் அடிக்கக் கூச்சப்படுவான். பெண் பிள்ளை என்றால் வீட்டிலேயே ஒளிக்கச் சொல்வார்கள்: “நாளைக்கு யார் கட்டிப்பாங்க?” ஒளித்து வைத்த பஃப் அவசரத்துக்கு எட்டாது. ஆஸ்துமா உள்ளவர்கள் விளையாடலாம், விளையாடவும் வேண்டும். ஓடினால் மட்டும் வருகிறது என்றால் டாக்டர் சொல்லியபடி கால் மணி நேரம் முன்னால் பஃப் அடித்து, மெதுவாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு இறங்கலாம். அடிக்கடி அப்படி வந்தால் தினசரி மருந்து போதவில்லை என்று அர்த்தம். வகுப்பாசிரியருக்கும் பி.டி. மாஸ்டருக்கும் சொல்லி, பையில் ஒரு பஃப், பள்ளியில் ஒரு பஃப் இருக்கட்டும். சிகரெட்டையோ ‘வேப்’ என்கிற மின்சிகரெட்டையோ ‘ஒரு இழுப்புதானே’ என்று நீட்டுகிற வயதும் அதுதான். அதைப் பிள்ளையிடம் நேராகப் பேசுங்கள்.

இழுப்பு முற்றினால்

நிமிர்த்தி உட்காரவையுங்கள், படுக்கவைக்காதீர்கள். கூட்டம் கூடாமல் காற்று விடுங்கள். நீல பஃப்பை ஸ்பேசரில் வைத்து ஒவ்வொன்றாகக் கொடுங்கள். எத்தனை என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். ஆறு வயதுக்கு மேல் பொதுவாக 4 முதல் 10, சின்னப் பிள்ளைக்கு 2 முதல் 6. 20 நிமிஷத்தில் தெளியவில்லை என்றால் மறுபடி கொடுத்துக்கொண்டே கிளம்புங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போகிறது, உதடு நீலம் பாய்கிறது, தூக்கக் கலக்கம் போல் சரிகிறான் என்றால் 20 நிமிஷம் காத்திருக்கக் கூடாது, உடனே 108. விசில் சத்தம் திடீரென்று நின்றுபோய் பிள்ளை சோர்ந்திருந்தால் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். காற்றே போகவில்லை என்று அர்த்தம். தைலம் தேய்ப்பதும் ஆவி பிடிப்பதும் இந்த நேரத்தில் குழாயைத் திறக்காது, வெந்நீர் கொட்டிப் புண்ணானதுதான் மிச்சம். க்ளினிக்கில் மருந்தைப் பனிப்புகையாக்கி மாஸ்க் வழியாகக் கொடுக்கிற நெபுலைசர் வைத்தால்தான் திருப்தி என்பவர்களுக்கு: சாதாரண இழுப்புக்கு ஸ்பேசரில் அடித்த பஃப்பும் அதே வேலையைச் செய்கிறது, வீட்டிலேயே, உடனே.

பக்கத்தில் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று பெரியவர்கள் சொல்கிற ஸ்டான்லி இருக்கிறது. எழும்பூரில் குழந்தைகள் மருத்துவமனை, ஓட்டேரியில் நெஞ்சக மருத்துவமனை. ஓ.பி.க்குப் போகும்போது சீட்டை மட்டும் எடுத்துப்போகாதீர்கள். பஃப்பையும் ஸ்பேசரையும் பையில் போட்டுப்போய் டாக்டர் முன்னால் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். இன்ஹேலர் அங்கேயே கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

அந்த அம்மா போன வாரம் வந்தார். இரண்டாவது பஃப் தீர்ந்துவிட்டதாம், சரியாகத் தேதி எழுதியிருந்தார். நீலம் கேட்கவில்லை. “பாட்டிலு மட்டும் வேற ஒண்ணு வெட்டிக் குடுண்ணே, சின்னவ அதுல தண்ணி புடிச்சு வெளையாடிட்டா” என்றார்.